நல்ல நிலையில் உள்ளது

இந்த இடத்துக்கு யாராவது வருகிறார்களா அம்மிணி? வரவில்லையென்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு இடம் இல்லாமல் இல்லை. முன்னால் மூன்றாவது வரிசையில், சன்னல் பக்கம், என் இடம் அப்படியே காலியாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு ஒருத்தர் இருக்கிறார் பாருங்கள், உச்சந்தலை வழுக்கை, அவர்தான் என் வீட்டுக்காரர். கோயமுத்தூரில் ஏறியதிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. அன்னூர் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்தே பேசாமல் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பது என்னால் முடிகிற காரியமா? வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அதுதான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் முழங்காலுக்கு நடுவில் நட்டமாக வைத்திருக்கிறாரே காக்கிப் பை, அதைத்தானே பார்க்கிறீர்கள்? கண்டக்டர்கூட மண்வெட்டியா என்று கேட்டார். மண்வெட்டி இல்லை, துப்பாக்கி. அட, எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். லைசன்ஸ் இருக்கிறது. எடுத்துப்போகலாம் என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறது. உள்ளே குண்டு இல்லை. குண்டு இல்லை என்று நானே மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் பையில் போடவிட்டேன். நாலாவது தடவை பார்க்கலாம் என்றபோது அவர் ஜிப்பை இழுத்துவிட்டார். பார்த்திருக்கலாம். இப்போதும் மனசு அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

எனக்குத் துப்பாக்கி என்றாலே பயம். தீபாவளிக்கு ஊசிப்பட்டாசு வெடித்தால் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறவள் நான். ஆனால் வாழ்க்கைப்பட்டது துப்பாக்கி வீட்டில். சத்தியிலிருந்து இன்னொரு பஸ் மாறிப் போக வேண்டும், மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். மூன்று ஏக்கர். மக்காச்சோளமும் மரவள்ளியும். வேலியைத் தாண்டினால் காடு. மாமனார் காலத்திலேயே பன்றிக்காக வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. அவருக்குப் பிறகு இவர் பேருக்கு மாறி இருபது வருஷம் ஆகிறது. எங்கள் பக்கம் வந்து துப்பாக்கித் தோட்டம் எது என்று கேளுங்கள், ஆடு மேய்க்கிறவர்கூட வழி சொல்வார். என் மகளுக்குத் திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை வந்ததே அந்தப் பேரில்தான். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது.

நான் ஆறாவதோடு நின்றவள். ஆனால் ஆயுத லைசன்ஸைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அதில் போட்டிருக்கிறது. பன்றி வந்தால் பயிரைப் பாதுகாக்கலாம். ஆனால் பன்றியைச் சுடக்கூடாது, சுட்டால் பாரஸ்ட்காரர் கேஸ் போடுவார். சரி, ஆகாயத்தைப் பார்த்துச் சுடலாமா என்றால், எதற்குச் சுட்டாய், எத்தனை தோட்டா செலவு என்று ஸ்டேஷனில் கேட்பார்கள். ஆக, பன்றி வரும்போது துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். அதற்கு அனுமதி உண்டு. பன்றிக்கு மட்டும் எந்த ஆபீசிலும் எந்த விதியும் இல்லை.

அப்புறம் எலெக்‌ஷன். டெல்லிக்கு எலெக்‌ஷன், சென்னைக்கு எலெக்‌ஷன், பஞ்சாயத்துக்கு எலெக்‌ஷன், எதுவானாலும் தேதி சொன்ன உடனே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்ததும் போய் வாங்கி வர வேண்டும். முன்பெல்லாம் ஏட்டு வண்டியில் வந்து தெருமுனையிலேயே நிறுத்தி, "துப்பாக்கிக்காரர் வீட்டுல இருக்காருங்களா?" என்று சத்தம் போடுவார். தெருவே எட்டிப் பார்க்கும். போன எலெக்‌ஷனுக்கு ஏட்டு வரவில்லை, போனில் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் யாருக்குத் தெரியும்? பெருமைக்கு இல்லை அம்மிணி, ஒரு முறை என்று இருக்கிறதல்லவா?

ஒப்படைத்ததும் ரசீது தருவார்கள். 'ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, நல்ல நிலையில் உள்ளது.' கையெழுத்து, முத்திரை. எல்லா ரசீதையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தாசில்தார் ஒரு தடவை வந்து பார்த்தார். அவரும் அதையேதான் எழுதினார். நல்ல நிலையில் உள்ளது.

உங்களுக்கு எந்த ஊர் அம்மிணி? கோபியா? சத்தியில் இறங்கி மாறுவீர்கள். எங்கள் பக்கம் சொந்தபந்தம் ஏதும் இல்லையே? அப்படியென்றால் சொல்லலாம். பதினாலு வருஷமாக வெடிக்காத துப்பாக்கி அது. குழாய்க்குள் நான் எம்-சீல் வைத்து அடைத்திருந்தேன்.

பைப் ஒழுகினால் பிசைந்து அப்புவார்களே, அதேதான். காய்ந்தால் கல்.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் ஜாஸ்தி. பார்த்தால் தெரியாது. எனக்குத்தான் தெரியும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் கொழுந்தனாரோடு ஒரு வாய்க்கால் தகராறு. கொழுந்தனார் பேர் சென்னியப்பன், பக்கத்துத் தோட்டம். எங்கள் முறைத் தண்ணீரை அவர் மடை மாற்றி விட்டுக்கொண்டார். நான் போய்க் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை வந்தது. அவர் எங்கள் வாசலுக்கே வந்து நின்று, "உங்களால ஆனதப் பாருங்க அண்ணி" என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. "ஏனுங்க, எடுத்துட்டு வாங்க துப்பாக்கிய!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். பேச்சுவாக்கில் வருகிறதுதானே? எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். எல்லார் வீட்டிலும் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான்.

இவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசற்படியில் வந்து நின்றார். துப்பாக்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை இரண்டும் நடுங்கின. அத்தனை கோபம்! சென்னியப்பன் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய சின்ன மகள் அப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாள். கொழுந்தனார் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மடையும் திறந்துவிட்டது. ஆனால் எனக்கு அன்றைக்குப் போன உயிர் திரும்பி வரவே இல்லை.

மூன்று நாள் யோசித்தேன். இந்த மனுஷன் கோபத்தில் என்றைக்காவது ஒன்று செய்துவிட்டால்? நாலாம் நாள் இவர் சந்தைக்குப் போயிருந்தபோது, மோட்டார் பைப்புக்கு வாங்கி வைத்திருந்த எம்-சீலை எடுத்தேன். பெரிய பாக்கெட் இரண்டு பிடித்தது. பிசைந்து பிசைந்து வாய்ப்பக்கமாக உள்ளே தள்ளி, கரண்டிக் காம்பால் குத்தி இறக்கி, வெளியே தெரியக்கூடாது என்று மேலே அடுப்புக்கரியும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசினேன். பார்த்தால் ஓட்டை மாதிரியே இருக்கும். எனக்கே என் கையைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் பயம். எடுத்து ஒருநாள் சுட்டுவிட்டால்? அடைத்த குழாயில் குண்டு எங்கே போகும்? முன்னால் போக வழியில்லாமல் பின்னால்தானே வெடிக்கும்? மூஞ்சியில்தானே வெடிக்கும்? அடைக்கிறபோது அது தோன்றவில்லை. அடைத்து முடித்துக் கையைக் கழுவுகிறபோது தோன்றியது.

நல்லவேளை, இவர் சுடவே இல்லை. பன்றி வந்தால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்று, "ஊய்! ஊய்!" என்று கத்துவார். "ஏனுங்க, ஒண்ணு போட்டாத்தான் என்ன?" என்று பக்கத்துத் தோட்டத்தார் கேட்டால், "தோட்டா விக்கற விலைக்கு ஒரு மூட்டை சோளம் வாங்கலாமுங்க" என்பார். சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஆயுத பூஜைக்குத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டுப் படுக்க வைப்பார். அதோடு சரி. குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற புத்தி இவருக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். போலீசுக்கே இல்லாத புத்தி இவருக்கு எப்படி இருக்கும்?

இப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. இந்த வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க ஈரோட்டுக்குப் போனோம். கலெக்டர் ஆபீசில் அந்த செக்‌ஷனில் ஒரு அம்மா இருந்தார். "இப்பப் புது விதி. சுடுதளத்துல பயிற்சி எடுத்து சர்டிபிகேட் கொண்டாங்க. துப்பாக்கியப் பத்திரமா கையாளத் தெரியும், பத்திரமா வெச்சுக்கத் தெரியும்னு எழுதித் தரணும்" என்றார்.

"இருபது வருசமா வெச்சிருக்கறாருங்களே" என்றேன்.

"இருபது வருஷமா பத்திரமா வெச்சிருந்தாருங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"சுடுதளம் எங்கீங்க இருக்குது?" என்று இவர் கேட்டார்.

"அது எங்க செக்‌ஷன்ல வராதுங்க" என்று அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வருவதற்குள் சென்னியப்பனுக்குச் செய்தி போய்விட்டது. எப்படித்தான் போகுமோ? டீக்கடையில் சொன்னாராம், "இனிமே அது வெறும் தோட்டம்தான்." சொன்னதை என் காதில் போட மூன்று பேர் வந்தார்கள். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். லைசன்ஸ் வேண்டும். சுடுதளம் வேண்டாம். சுடுதளத்துக்குப் போனால் இவர் சுட வேண்டும், சுட்டால் மூஞ்சியில் வெடிக்கும். லைசன்ஸ் இருக்க வேண்டும், சுடாமல் இருக்க வேண்டும். இது என்ன பெரிய ஆசையா? ஒரு ஆபீசிலும் இதற்குப் படிவம் இல்லை.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது? பதினாலு வருஷம் பன்றிக்கு முன்னால் வெறும் இரும்புக் குழாயோடு நிறுத்தி வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒருநாள் திரும்பி வந்து முட்டியிருந்தால்? அதோடு, சொன்னால் கோபம் வரும். இவர் கோபம்தான் உங்களுக்குச் சொன்னேனே. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைப் பார்த்துக் கத்தியதில்லை. அப்படி அடக்கி வைத்திருக்கிற கோபம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் கூடவே அலைந்தேன். முதலில் போலீஸ் சுடுதளம். "இது போலீசுக்கு மட்டும்" என்றார் அங்கிருந்தவர். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு காலேஜ். அங்கே என்.சி.சி. பிள்ளைகள் சுடுகிற இடம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். "ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்தாங்க. ஐயா இங்க டிகிரி சேந்தா சுடலாம்" என்றார் வாத்தியார். இவர், "எத்தனை வருசப் படிப்புங்க?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். இழுத்துக்கொண்டு வந்தேன்.

கோயமுத்தூரில் ஒரு கிளப்புக்குப் போன் போட்டோம்.

"மெம்பருங்களா?"

"இல்லீங்க."

"மெம்பருக்குத்தான் சுடறதுக்கு அனுமதி."

"மெம்பர் ஆகறதுக்கு என்னங்க பண்ணோணும்?"

"நடப்புல இருக்கற லைசன்ஸ் காப்பி கொண்டாங்க."

"அதைப் புதுப்பிக்கத்தானுங்க உங்க சர்டிபிகேட்டக் கேக்கறாங்க."

"அப்பப் புதுப்பிச்சுட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு இவர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உளுந்துவடை சுட்டுக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவு நிம்மதி.

மாரியம்மன் பண்டிகைக்குப் போட்டிருந்த கடைகளில் பலூன் சுடுகிற கடை ஒன்று இருந்தது. நான்தான் இவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். தப்பா? அதுவும் சுடுகிற இடம்தானே? கடைக்காரர் துப்பாக்கி, வெடித்தால் பலூன்தானே வெடிக்கும்? "ஏனுங்க தம்பி, சர்டிபிகேட் தருவீங்களா?" என்று கேட்டேன். அவர், "ஆறு பலூன் உடைச்சா சோப்பு டப்பா தருவேன்க்கா" என்றார். "பேரு போட்டு, சீல் வெச்சு, நல்லாச் சுட்டாருன்னு ஒரு காயிதம்?" "சீல் எங்கிட்ட இல்லீங்க. பக்கத்து ராட்டினக்காரர்கிட்ட இருக்குது, வாங்கி வெச்சுத் தாரேன்." காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இவர் ஆறு தடவை சுட்டார். ஆறு பலூனும் அப்படியே இருந்தன. சோப்பு டப்பாவும் இல்லை, காகிதமும் இல்லை.

அப்புறம் என் மகள். போனில் என்னத்தையோ தேடி ஒரு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கோயமுத்தூருக்கு வெளியே, மிலிட்டரியில் சுபேதாராக இருந்த ஆரோக்கியசாமி என்பவர் நடத்துகிறார். மெம்பர் ஆக வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெளியாட்களுக்குப் பயிற்சி. நம்முடைய துப்பாக்கியையே கொண்டுபோய், அதிலேயே சுட்டுக் காட்ட வேண்டும். மகள் சொல்லி இவர் எழுதி வைத்த விலாசச் சீட்டை எடுத்து ரவை டப்பாவுக்கு அடியில் போட்டேன். மகள் இவர் போனுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். பெற்ற மகள்!

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். பஸ் ஏறும்போது சொல்லலாம் என்றால் கூட்டம். இறங்கும்போது சொல்லலாம் என்றால் இவர் டீ குடிக்கப் போய்விட்டார். அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், "நீ அந்தப் புங்கமரத்தடியில உக்காரு, நான் பதிவு போட்டுட்டு வந்தர்றேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். சுடுகிறவர்களைத் தவிர யாரும் தாண்டக்கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று காவல்காரரைக் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் தாண்டுனதில்லீங்க" என்றார்.

முதலில் வகுப்பு. நான் சன்னல் ஓரம் போய் நின்று கேட்டேன். குண்டு இல்லாத துப்பாக்கியையும் குண்டு இருக்கிறதாகவே நினைக்க வேண்டும் என்றார் சுபேதார். அந்தப் பாடத்தை நான் பதினாலு வருஷமாகப் படிக்கிறேன். அப்புறம் வெளியே கூட்டிக்கொண்டு வந்து வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்தார். ஒரு நகைக்கடைக்காரர், ஒரு எஸ்டேட் மேனேஜர், இன்னும் ரெண்டு பேர், கடைசியில் இவர். எல்லார் காதிலும் பஞ்சு மாதிரி ஏதோ வைத்தார்கள். முதல் ஆள் சுட்டார். சத்தம் என் வயிற்றில் கேட்டது. இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். இவருக்கு இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி.

எழுந்தது தெரியும். ஓடினது தெரியாது. கோட்டைத் தாண்டி, செருப்பு ஒன்று கழன்று, "நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ!" என்று கத்திக்கொண்டு இவர் முன்னால் போய் நின்றேன். விசில் ஊதினார்கள். சிவப்புக் கொடியைத் தூக்கினார்கள். சுபேதார் முகம் அந்தக் கொடி மாதிரியே இருந்தது.

"கோட்டத் தாண்டக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையாம்மா?"

"அந்தத் துப்பாக்கி வெடிச்சிருமுங்க சார்!"

"வெடிக்கறதுக்குத்தானம்மா எல்லாரும் வந்திருக்கோம்!"

"மூஞ்சில வெடிச்சிருமுங்க! கொழா அடைச்சிருக்குதுங்க! நான்தானுங்க அடைச்சேன், எம்-சீல் வெச்சு அடைச்சேன்!" அழுகை வந்துவிட்டது. நகைக்கடைக்காரர் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

சுபேதார் இவர் கையிலிருந்த துப்பாக்கியைக் காட்டினார். "இது எங்க கிளப் துப்பாக்கிம்மா. உங்களுது காலைலயே ரிப்பேர் மிஸ்திரி மேசைக்குப் போயாச்சு. குழாய் அடைச்சிருக்கு, எடுத்துத் தாங்கன்னு ஐயா வந்ததும் மொதல் வேலையா அதைத்தானே சொன்னாரு?"

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். படுத்தபடியே ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"அடைச்சது."

"அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்."

"நான்தான்னு?"

"வீட்டுல இருக்கற பெரியாளுக ரெண்டு பேரு. நான் அடைக்கல."

சுபேதார் குனிந்து கேட்டார், "தெரிஞ்சும் எதுக்குங்க இத்தனை வருஷம் அப்படியே விட்டு வெச்சீங்க?"

"வீட்டுல ரெண்டு பேர்ல ஒருத்தராவது தூங்கோணுமில்லீங்க" என்றார் இவர்.

படுத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள் அம்மிணி. எஸ்டேட் மேனேஜர் தரையைத் தட்டிச் சிரித்தார்.

இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள். பதினாலு வருஷம்! தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன் அல்லவா? இவர் எப்போது சுடுவாரோ, எப்போது வெடிக்குமோ என்று நான் கண்ணை மூடாமல் கிடக்க, பக்கத்தில் இவர் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். நான் எதை மறைத்தேன்? பயத்தில் ஒன்று செய்தேன், அது தானாக மறைந்து இருந்தது. இவர் மறைத்தது வேண்டுமென்றே. கட்டின பெண்டாட்டியிடம் மறைத்துவிட்டு, முன்பின் தெரியாத சுபேதாரிடம் வாசலிலேயே சொல்லியிருக்கிறார். இந்த மாதிரி மனுஷனை நம்பி முப்பத்தொரு வருஷம்!

மிஸ்திரி கம்பியும் துரப்பணமும் வைத்துக் குடைந்து எடுத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. "யாரும்மா இது அடைச்சது, நல்ல கை வேலை" என்று வேறு கேட்டார். குழாயைத் தூக்கிக் காட்டினார், அந்தப் பக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. இத்தனை நாள் அந்தத் துப்பாக்கிக்குக் கண் இல்லாமல் இருந்தது, இப்போது முழித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கடைசியாக அதில் ஒரு தடவை சுட்டுக் காட்ட வேண்டும். இவர் நின்றுகொண்டே சுட்டார். குறிப்பலகையில் படவில்லை, பலகைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டிலும் ஒரு ஓரத்தில்தான் தூசி கிளம்பியது. சுடுவதற்கு முன்னால் இவர் கையைப் பார்த்தேன். இரண்டும் நடுங்கின. அன்றைக்கு வாசற்படியில் நடுங்கிய மாதிரியே. இன்றைக்கு யார் மேல் கோபமோ தெரியவில்லை.

சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. கையாளுதல்: திருப்தி. பாதுகாப்பாக வைத்திருத்தல்: மிக நன்று. "முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு பத்திரமா வெச்ச துப்பாக்கிய நான் பாத்ததில்ல. இதுல பாதி உங்க பேர்லதாம்மா குடுக்கணும்" என்றார் சுபேதார். "தருவீங்களா?" என்று கேட்டேன். "அதுக்கு நீங்க தனியா விண்ணப்பம் போடணும்" என்றார்.

ஆக, லைசன்ஸ் வந்துவிடும். சென்னியப்பன் வாய் மூடிவிடும். அவர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம், பெரியப்பா வீடு என்று எங்கள் வீட்டிலிருந்தும் சீர் போக வேண்டும். இதில் எல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாருங்கள், இன்றைக்கு வீட்டுக்குப் போகிறது வெடிக்கிற துப்பாக்கி. இத்தனை நாள் இல்லாத பயம் இப்போது புதிதாக வந்துவிட்டது. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? எனக்கும் வாய் சும்மா இருக்காது. இவருக்கும் கோபம்.

புளியம்பட்டி வந்துவிட்டதா? பத்து நிமிஷம் நிற்குமே. அய்யோ, இவர் எங்கே இறங்குகிறார்? துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறார் பாருங்கள். வைத்துவிட்டுப் போகவும் முடியாது, பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி ஓடிவிடுவார்கள். டீக்கடை இந்தப் பக்கம் இருக்க, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறாரே. அது என்ன கடை அம்மிணி? எனக்குத் தூரத்து எழுத்துத் தெரியாது. ஹார்டுவேர்ஸா? பூட்டு வாங்கப் போகிறார் போலிருக்கிறது. போனால் போகட்டும். நான் கேட்க மாட்டேன். இனிமேல் நான் அவரை ஒன்றும் கேட்பதாக இல்லை.

டிரைவர் ஏறிவிட்டார். ஏனுங்க கண்டக்டர், அந்த ஆள் இன்னும் வரவில்லையே, விசில் அடிக்காதீர்கள்! வருகிறார், வருகிறார். லாரியைப் பார்க்காமல் தாண்டுகிறார். ஏறியாயிற்று. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தீர்களா?

என்னங்க தம்பி, என்ன பொட்டலம்? எனக்கா? அவர் கொடுக்கச் சொன்னாரா? வாயில் சொல்ல ஒன்றும் சொல்லவில்லையா? சரி, கொடுங்கள்.

காகிதத்தில் சுற்றியிருக்கிறது. பூட்டு மாதிரி கனமாக இல்லை. கொஞ்சம் பிடியுங்கள் அம்மிணி, இந்த நூல் அவிழ மாட்டேன் என்கிறது.

எம்-சீல்.

ஒன்றே ஒன்று. அதுவும் சின்ன பாக்கெட். பெரியது இரண்டு பிடிக்கும் அந்தக் குழாய்க்கு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? இவருக்கு எதிலும் ஒரு அளவு தெரியாது. இப்படித்தான், நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். காலைக் கொஞ்சம் ஒதுக்குங்கள் அம்மிணி, வழி விடுங்கள். என் இடத்தில் யாரும் உட்காரவில்லையே?